இரவு மூன்று மணிக்கு அலாரம் அடித்தால் கதவைத் திறப்பது யார்?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தரும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 68 வயது. கணவர் காலமான பிறகு டர்பன் சாட்ஸ்வர்த்தில் தனியாக இருக்கிறார். 19 வருடமாகச் சர்க்கரை நோய், கூடவே ரத்த அழுத்தம். காலையில் கிளிக்லசைடு மாத்திரை, இரவு ஒன்பது மணிக்கு 22 யூனிட் என்.பி.எச். இன்சுலின். இந்த வருடம் காவடி விரதத்தின்போது ஒரு நாள் இரவு ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, இன்சுலினை வழக்கம்போல முழு அளவில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். விடிந்தும் வாசல் தெளிக்காததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்து தட்ட, பதில் இல்லை. பின்கதவு வழியாக உள்ளே போனால், நைட்டி வியர்வையில் நனைந்து, பேச்சு குழறிக் கிடந்திருக்கிறார். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 2.6 மில்லிமோல் (3.9-க்குக் கீழே போனாலே தாழ்வு). சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தேறிவிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

செய்தி கேட்டுப் பதறிய தம்பி, துபாயிலிருந்து ஊசியே குத்தாமல் சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம் ஒன்றையும், ஒரு குளுக்கோமீட்டரையும், மணிக்கட்டில் கட்டும் பிரஷர் மெஷினையும் அனுப்பிவிட்டார். கடிதம் எழுதிய மகளோ, அம்மாவின் கையில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரும் வீட்டுக்குள் கேமராவும் வைக்க நினைக்கிறார். அம்மாவோ, “என்னை வேவு பாக்கவா இதெல்லாம்?” என்கிறார். எதை வாங்குவது, எதை நம்புவது, மெடிக்கல் எய்ட் (தென்னாப்பிரிக்க மருத்துவக் காப்பீடு) பணம் தருமா, அளவுகளைப் பார்த்துவிட்டு மாதச் சந்தாவை ஏற்றிவிடுவார்களா, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பவை மகளின் கேள்விகள். அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி: “அடுத்த வருஷம் நான் விரதம் இருக்கலாமா, கூடாதா?”

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த இரவிலிருந்தே தொடங்குகிறேன். கருவிகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நீங்கள், அதை நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் அந்த நான்கு வரியில்தான் இருக்கிறது.

கலங்கலாக இருக்கும் என்.பி.எச். இன்சுலின், போட்ட நான்கு மணி நேரத்துக்கு மேல்தான் முழு வேகம் எடுக்கும். இரவு ஒன்பதுக்குப் போட்டால், நள்ளிரவு தாண்டி ஒன்றிலிருந்து விடிகாலை ஐந்துக்குள் அது உச்சத்தில் இருக்கும். கிளிக்லசைடோ கணையத்தைத் தூண்டி மேலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. இரண்டும் உடம்பில் இருக்க, வயிற்றில் பாலும் பழமும் மட்டுமே இருந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? அம்மா எந்தத் தவறும் செய்யவில்லை. சாப்பாடு குறைகிற நாளில் ஊசியையும் குறைக்க வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சென்சாருக்கு முன்னால் டாக்டர். இந்த வாரமே போங்கள். எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), சிறுநீரகச் செயல்பாடு இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்சுலின் உடம்பை விட்டுப் போகத் தாமதமாகும், பழைய அளவே அதிகமாகிவிடும். இரவு ஊசியோடு அந்த மாத்திரையும் தேவையா, இன்சுலின் வகையை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று நேராகக் கேளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வயதில், தனியாக வாழ்கிற, ஏற்கெனவே ஒருமுறை மயங்கிய ஒருவருக்கு எச்.பி.ஏ.1சி 7-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டுமா? 8 வரை தளர்த்தி வைப்பது பல மருத்துவர்களும் ஏற்கிற வழக்கம். அம்மாவின் ரிப்போர்ட்டில் 6.4 என்று வந்திருந்தால் சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை. அந்த எண்ணுக்காக அவர் எத்தனை இரவு 3-க்குக் கீழே போய் வந்தார் என்று எச்.பி.ஏ.1சி சொல்லாது.

“தேறிவிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். இனி அப்படி விடாதீர்கள். கிளிக்லசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஒருமுறை ஏறிய பிறகும், மருந்து உடம்பில் இருக்கும்வரை, சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் இறங்கக்கூடும். பேச்சு குழறும் அளவுக்குப் போனால் அன்று முழுவதும் கண்காணிப்பில் இருப்பதே சரி.

கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்

தோலில் எதையும் நுழைக்காமல் சர்க்கரையை அளக்கும் கடிகாரமோ மோதிரமோ இதுவரை நம்பகமாக உருவாகவில்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்படிப்பட்ட எந்தக் கருவிக்கும் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. உங்கள் தம்பி அன்போடுதான் அனுப்பியிருக்கிறார். ஆனால் 2.6 இருக்கும்போது 6.1 என்று காட்டுகிற பொருள் வீட்டில் இருப்பதைவிட எதுவும் இல்லாமலிருப்பது மேல். மணி பார்க்க வைத்துக்கொள்ளட்டும்.

குளுக்கோமீட்டர் கதை வேறு. அது பழுதான மெஷின் இல்லை. “எப்பவும் 7, 8-ன்னு காட்டும், தம்பி மெஷினில் 126-ன்னு வந்ததும் அம்மாவுக்குக் கை கால் நடுங்கிவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே அளவுதான். தென்னாப்பிரிக்காவில் நாம் மில்லிமோலில் பார்க்கிறோம். துபாயிலும் இந்தியாவிலும் மில்லிகிராம். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும்: 7 பெருக்கல் 18, 126. ஆபத்து இதன் மறுபக்கத்தில் இருக்கிறது. நாளை சென்சார் அளவு தம்பியின் போனில் 54 என்று வந்தால் அது நம் கணக்கில் 3.0, அவசர நிலை. “ஐம்பத்துநாலு தானே” என்று இங்கே ஒருவர் குழம்பி நிற்கும் அரை மணி நேரம் மிகப் பெரியது. வீட்டில் ஒரே அலகு இருக்கட்டும். பல மெஷின்களில் அலகைப் பிறகு மாற்ற முடியாது, எனவே அம்மாவுக்கு இங்கே வாங்கிய மெஷினே போதும். சென்சார் அளவைப் போனில் காட்டும் செயலியில் கணக்குத் தொடங்கும்போதும் நாடு தென்னாப்பிரிக்கா என்றே கொடுங்கள்.

விரலில் குத்தும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் லிச்சி உரித்த விரலிலோ மாம்பழம் நறுக்கிய விரலிலோ குத்தினால் ரத்தத்தோடு பழச்சாறும் சேர்ந்து 14, 15 என்று காட்டும். அதை நம்பி ஊசி போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடி வைக்க வேண்டும். டர்பன் ஈரக்காற்றில் திறந்து கிடந்த ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

சென்சார்: எதைத் தரும், எதைத் தராது

உங்கள் அம்மாவுக்குச் சென்சார் பொருத்தமானது என்றே நினைக்கிறேன். நாள்பட்ட சர்க்கரை நோயில், இறங்கும்போது வருகிற படபடப்பும் நடுக்கமும் மெல்ல மங்கிவிடும். உடம்பு எச்சரிக்காமலே மயக்கம் வரும். தூக்கத்தில் கேட்கவே வேண்டாம். அங்கே சென்சார் உதவும்.

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இது தானாக அலாரம் அடிக்குமா?” என்பதே. லிப்ரே, டெக்ஸ்காம் என்ற இரண்டு பிராண்டுகளில், லிப்ரேயின் முதல் தலைமுறைச் சென்சாரில் போனைக் கையருகே கொண்டுபோனால்தான் அளவு தெரியும், தானாக ஒலிக்காது. தூங்குகிறவருக்கு அதனால் பயனில்லை. லிப்ரே 2-லும் டெக்ஸ்காமிலும் அலாரம் உண்டு. லிப்ரே 2-இல் தாழ்வு அலாரத்தை 3.3-லிருந்து 5.6 வரை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். தனியாக இருப்பவருக்கு 3.9-இல் வைப்பதைவிட 4.5-இல் வைப்பது நல்லது. எழுந்து உட்கார, விளக்குப் போட, சர்க்கரையைக் கரைக்க அவகாசம் கிடைக்கும்.

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்குக் கீழே செல்களுக்கிடையே இருக்கும் நீரை அளக்கிறது. ரத்தத்தில் நடப்பது அங்கே வந்து சேர ஐந்து முதல் பத்து நிமிடம் பிந்தும். ஆகையால் விரல் குத்தினால் 4.1, சென்சார் 5.0 என்று வந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று எண்ண வேண்டாம். எண்ணோடு அம்புக்குறியையும் பார்க்கப் பழகச் சொல்லுங்கள். நேராகக் கீழே காட்டும் அம்பு, நிமிடத்துக்கு 0.1 மில்லிமோலுக்கும் கூடுதலாக இறங்குகிறது என்று பொருள். 5.5-இல் அந்த அம்பைப் பார்த்தால் கால் மணியில் 4-க்கு வந்துவிடும் என்று கணக்கு. “5.5 நல்ல நம்பர்தானே” என்று திரும்பிப் படுத்துவிடக் கூடாது.

பொய்த் தாழ்வுகளும் உண்டு. ஒட்டிய கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் அழுந்தி, சர்க்கரை சரியாக இருக்கும்போதே 3.2 என்று அலறும். அம்மா எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டு மற்றக் கையில் ஒட்டுங்கள். ஒட்டிய முதல் நாள் அளவுகள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அன்று சந்தேகம் வந்தால் விரல் குத்திப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் முன் கழற்றச் சொல்வார்கள், எனவே அந்தத் தேதிகளைப் பார்த்து ஒட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: கொரோனா காலத்திலிருந்து அம்மா தினமும் நுரைக்கும் வைட்டமின் சி மாத்திரை, 1000 மில்லிகிராம், தண்ணீரில் போட்டுக் குடிக்கிறார். இதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்தேன். லிப்ரே 2 சென்சார், நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். அதாவது உண்மையில் 3.4 இருக்கும்போது 4.6 என்று காட்டி, அலாரமே அடிக்காமல் போகலாம். சென்சார் ஒட்டும் முன் அந்த மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஒட்டுவதில் தவறுவது பெரும்பாலும் எண்ணெயால். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று ஒட்டினால் மூன்றாம் நாள் ஓரம் கிளம்பும். மேல்கையின் பின்புறத்தைச் சோப்பால் கழுவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் காத்திருந்தால்தான் முதல் எண் வரும். 14 நாள் சென்சார் என்றால் ஆண்டுக்கு 26 தேவைப்படும். செலவைக் கணக்கிடும்போது ஒன்றின் விலையைப் பார்க்காமல் 26-ஆல் பெருக்கிப் பாருங்கள். அது தாங்காது என்றால் நடுவழி ஒன்று உண்டு: மருந்து மாற்றிய முதல் மாதம் இரண்டு சென்சார், பிறகு டாக்டரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறைக்கும் முன் ஒன்று. 14 நாள் பதிவு இருந்தாலே எந்த மணி நேரத்தில் இறங்குகிறது என்பதை டாக்டர் படித்துவிடுவார். மருந்தைத் திருத்திய பிறகு இரவுகள் அமைதியாகிவிட்டால், ஆண்டு முழுவதும் ஒட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இராது.

அலாரத்துக்குப் பிறகு

நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறீர்கள். காரில் ஆறு மணி நேரம். உங்கள் போனில் 2.9 என்று ஒலித்தால் என்ன செய்வீர்கள்? கருவி வாங்கப் போகும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் பெயர்களாகவும் போன் எண்களாகவும் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பதில் இல்லாமல் வாங்கினால், அம்மா தவிப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதி மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும்.

பத்து நிமிடத்துக்குள் வாசலுக்கு வந்துவிடக்கூடிய இருவர் வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர். அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இன்னொருவர். இருவரிடமும் முன்கதவுச் சாவி மட்டும் போதாது, திருட்டுத் தடுப்புக் கம்பிக் கதவின் சாவியும் அலாரம் நிறுத்தும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த முறை பின்கதவு திறந்திருந்தது அதிர்ஷ்டம். தம்பிக்கும் வேலை இருக்கிறது: டர்பனில் விடிகாலை மூன்று என்றால் துபாயில் ஐந்து. விடிகாலைக் காவலை அவர் ஏற்கட்டும், முன்னிரவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இருவரும் எல்லா இரவும் விழித்திருந்தால் ஒரு மாதத்தில் இருவருமே அலாரத்தை அணைத்துவிடுவீர்கள்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்ட ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

3.9-க்குக் கீழே, நினைவோடு இருக்கிறார் என்றால்: மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை தம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து விரல் குத்திப் பார்த்து, இன்னும் ஏறவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். ஏறிய பிறகு ஒரு துண்டு ரொட்டியோ பிஸ்கட்டோ. இந்த 15 நிமிடமும் சென்சாரை நம்ப வேண்டாம்; அது பிந்திக் காட்டுவதால், ஏறவில்லை என்று எண்ணி அளவுக்கு மீறிக் குடித்துவிடுவார்.

இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை என்றால்: பக்கத்து வீட்டுக்குப் போன். மூன்றாவது முறை அழைத்துப் பார்க்கலாமே என்று தாமதிக்க வேண்டாம்.

விழுங்க முடியவில்லை, நினைவில்லை என்றால்: வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 10177-க்கு, அல்லது செல்போனிலிருந்து 112-க்கு அழைக்க வேண்டும். தனியார் ஆம்புலன்ஸ் மெடிக்கல் எய்டில் இருந்தால் அந்த எண்ணும் தாளில் இருக்கட்டும். சர்க்கரையை உடனே ஏற்றும் குளுக்ககான் ஊசி எழுதித் தர முடியுமா என்று டாக்டரைக் கேட்டு, கிடைத்தால் அதைப் போடப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நர்ஸ் ஒருவரைக்கொண்டு சொல்லிக் கொடுங்கள்.

போன், வைஃபை, கரண்ட்

சென்சாருக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனாலும் அளந்துகொண்டேதான் இருக்கும். அறுந்துபோவது அதற்கு அடுத்த கண்ணிகள். சென்சாரிலிருந்து போனுக்கு ப்ளூடூத் எட்டுவது சுமார் ஆறு மீட்டர், நடுவில் செங்கல் சுவர் வந்தால் அதுவும் குறையும். அம்மா இரவில் போனைச் சமையலறையில் சார்ஜ் போடுகிறவர் என்றால் அலாரம் காலிச் சமையலறையில்தான் ஒலிக்கும். படுக்கைத் தலைமாட்டில் சார்ஜர் வையுங்கள். போனில் பேட்டரி சேமிப்பு முறை செயலியைத் தூங்க வைத்துவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் அதை விலக்கி, தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பையும் மீறி ஒலிக்க அனுமதி கொடுங்கள். பிறகு பகலில் சோதித்துப் பாருங்கள்: மூன்று போனிலும் உயர்வு அலாரத்தைத் தற்காலிகமாக 6.7-க்கு இறக்கி வைத்துவிட்டு அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அளவு அதைத் தாண்டியதும் அவர் போன், உங்கள் போன், தம்பி போன் மூன்றும் ஒலிக்கிறதா என்று தெரிந்துவிடும். போன் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) ஓய்ந்தது போலிருந்தாலும் கேபிள் திருட்டும் மழைக்காலப் பழுதும் ஓயவில்லை. ரூட்டருக்கு மட்டும் சிறு யு.பி.எஸ். வாங்கிப் பயனில்லை, ஃபைபர் வந்து சேரும் சுவர்ப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டும் சேர்ந்து சுமார் 20 வாட் இழுத்தால், மூன்று மணி நேரத்துக்கு 60 வாட்-மணி கொள்ளளவு தேவை. பெட்டிகளின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி உங்கள் கணக்கைப் போடுங்கள். அம்மாவின் போனில் கொஞ்சம் மொபைல் டேட்டாவும் இருக்கட்டும். கரண்ட் நீண்ட நேரம் போனால் டவரும் படுத்துவிடும். அந்த இரவுகளுக்கு, படுக்கும் முன்பும் நள்ளிரவிலும் அம்மாவே பார்த்துக்கொள்வது என்று பேசி வையுங்கள். இணைப்பு அறுந்து உங்கள் போனில் கோடு நின்றுவிட்டால் பதற வேண்டாம். லிப்ரே 2 சென்சார் எட்டு மணி நேரப் பதிவைத் தன்னிடம் வைத்திருக்கும், போன் அருகே வந்ததும் நிரப்பிக்கொள்ளும்.

பிரஷர் மெஷின்

மணிக்கட்டு மெஷினைத் தவிருங்கள், கை சற்றுத் தாழ்ந்தாலே கூட்டிக் காட்டும். மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள். தையற்காரர் டேப்பால் மேல்கையின் நடுச்சுற்றளவை அளந்து, பட்டையில் அச்சிட்ட அளவோடு ஒத்துப் பாருங்கள். 36 சென்டிமீட்டர் கைக்கு 32 வரைக்குமான பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையும் மாலையும் ஏழு நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டளவில் 135-க்கு 85 என்பதே எல்லை, கிளினிக் எல்லையைவிடக் குறைவு. உங்களிடம் போனில் பேசிக்கொண்டே எடுத்த 168-ஐ வைத்து யாரும் மாத்திரையைக் கூட்டிவிட வேண்டாம்.

ப்ளூடூத் மெஷினில் சின்ன விஷயம் ஒன்று பெரிய குழப்பம் செய்யும். பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக, “எனக்கும் பாருங்களேன்” என்று கையை நீட்டுவார். அந்த அளவும் அம்மாவின் பெயரில் செயலிக்கு ஏறி டாக்டரிடம் போய்ச் சேரும். மெஷினில் இரண்டாம் ஆளுக்கான பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருவருக்கும் பயன்படட்டும்.

மெடிக்கல் எய்டும் சட்டமும்

உங்கள் பெரிய பயம், சென்சார் அளவைப் பார்த்து அம்மாவின் சந்தாவை ஏற்றுவார்கள் என்பது. அந்தப் பயம் வேண்டாம். 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி சந்தாவை வருமானத்தையும் சார்ந்திருப்போர் எண்ணிக்கையையும் வைத்து மட்டுமே வேறுபடுத்தலாம். நோயை வைத்து ஒருவருக்கு ஏற்றக் கூடாது. ஆயுள் காப்பீடு வேறு. அங்கே உடல்நிலை கேட்டுத்தான் பிரீமியம் போடுவார்கள். நடந்தால் புள்ளி, உடற்பயிற்சிக்குத் தள்ளுபடி என்று வருகிற பரிசுத் திட்டங்களும் மெடிக்கல் எய்டின் பகுதியல்ல, தனி ஒப்பந்தம். சென்சார் கணக்கை அதோடு இணைக்கும் பொத்தான் செயலியில் கண்ணில் பட்டால், படிக்காமல் அழுத்த வேண்டாம்.

இரண்டாம் வகைச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எல்லா ஸ்கீமும், அதாவது எல்லா மெடிக்கல் எய்டும், கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. டாக்டர், பரிசோதனை, பட்டியல் மருந்து ஆகியவற்றுக்கு உரிமை உண்டு. ஆனால் அதனாலேயே சென்சாரும் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அது பிளானுக்குப் பிளான் மாறும். கேட்கும் முறையில் பலன் இருக்கிறது. டாக்டரின் பரிந்துரைக் கடிதத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரைக்கான ஈ 11 (E11) என்ற நோய்க்குறியீடு, இன்சுலின் விவரம், அந்த 2.6 பதிவு, இன்னொருவர் உதவி இல்லாமல் மீள முடியவில்லை என்ற வாக்கியம், தனியாக வசிக்கிறார் என்பது எல்லாம் இருக்க வேண்டும். அந்த மீட்டரின் நினைவில் 2.6 இன்னும் இருக்கும், தேதியோடு படம் எடுத்துச் சேருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஸ்கீமின் தலைமை அதிகாரிக்கு மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் ஸ்கீம்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் புகார். கவுன்சில் அனுப்பும் புகாருக்கு ஸ்கீம் 30 நாளில் பதில் தர வேண்டும்.

தம்பியும் நீங்களும் அம்மாவின் அளவைப் பார்ப்பது போப்பியா (POPIA) என்ற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை, குடும்பத்துக்குள் நடக்கும் பகிர்வுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது கட்டுப்படுத்துவது நிறுவனங்களை. உடல்நலத் தகவல் அதில் தனிப் பாதுகாப்புள்ள வகை. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், தவறானதைத் திருத்தவும், வைத்திருக்க உரிமையில்லாததை நீக்கச் சொல்லவும் அம்மாவுக்கு உரிமை உண்டு. ஆகவே கணக்கு அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் இருக்கட்டும். நீங்கள் இருவரும் அவர் அழைத்துச் சேர்த்த பார்வையாளர்களாக இருங்கள்.

வேவு என்று அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது

படுக்கையறையிலோ கூடத்திலோ கேமரா வேண்டாம். சர்க்கரை இறங்குவதைக் கேமரா காட்டாது. அது காட்டப்போவது அவர் உடை மாற்றுவதையும், அழுவதையும், யாரோடு பேசுகிறார் என்பதையுமே. அவர் தெளிவாக யோசிக்கிற பெரிய மனுஷி. அவருடைய சம்மதம் இல்லாமல் கையில் எதையும் ஒட்ட முடியாது, ஒட்டினாலும் இரண்டாம் நாள் பிய்த்துவிடுவார்.

நீங்கள் நினைவுபடுத்திப் பாருங்கள்: தினமும் காலையில் அம்மாவை அழைத்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? நேற்று ராத்திரி 12 போயிருக்கே, என்ன சாப்பிட்டீங்க என்றால், அவர் வேவு என்றுதான் சொல்வார். ஓர் ஒப்பந்தம் செய்யுங்கள். தாழ்வு அலாரம் மட்டுமே உங்கள் போனுக்கு வரும். உயர்வு அலாரத்தை உங்கள் பக்கம் அணைத்துவிடுங்கள். பிள்ளை வீட்டுக் கல்யாணத்தில் ஒரு லட்டு சாப்பிட்டது அவருக்கும் டாக்டருக்கும் இடையே இருக்கட்டும். காலை போனில் சர்க்கரை பேச்சு இல்லை. 14 நாள் மட்டும் ஒட்டிப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம் என்று சொல்லிக் கேளுங்கள். அந்த இரவு அவருக்கே பயமாகத்தான் இருந்திருக்கும்.

அம்மாவின் கேள்விக்கு

இதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, அடுத்த வருடக் காவடி விரதத்தை இப்போதே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொடியேற்றத்துக்கு ஆறு வாரம் முன்னால் டாக்டரைப் பாருங்கள். “பத்து நாள் ஒருவேளைச் சாப்பாடு, ராத்திரி பாலும் பழமும்” என்று நீங்கள் உண்மையில் சாப்பிடப்போவதை அப்படியே சொல்லுங்கள். அந்தப் பத்து நாளுக்கு மட்டும் இரவு ஊசி எத்தனை யூனிட், மாத்திரை உண்டா இல்லையா என்று தாளில் எழுதி வாங்குங்கள். ஒருவேளைச் சாப்பாட்டைப் பகலில் முடிக்காமல் மாலைக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள், ஊசிக்கு ஈடு கிடைக்கும். பத்து நாளும் சென்சார் கையில் இருக்கட்டும். ராத்திரி பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளட்டும். சிறுநீரகமோ இதயமோ இப்போது தளர்ந்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொன்னால், ஒருவேளைச் சாப்பாட்டு விரதத்தை விட்டுவிட்டு மூன்று வேளையும் சைவமாகச் சாப்பிட்டு வேண்டுதலை நிறைவேற்றுங்கள் என்று டாக்டர் சொல்லலாம், அப்போது அதன்படி நடந்துகொள்ளுங்கள். எந்த நாளானாலும் 3.9-க்குக் கீழே போனால், மணி பார்க்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். மூன்று தேக்கரண்டி, அரை தம்ளர். அதை இரவே கரைத்து மூடித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்.